நாட்பட்ட தேறல்



பத்தாம் ஆண்டு விழாவில் தமிழ் கற்பிக்கும் ஒருத்தி ரம் என்னும் மதுவைப் பேசுபொருளாகக் கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். கள்ளும் நறவும் தோப்பியும் தேறலும் வரும் பாடல்களை வகுப்பில் கேட்டபோது சுளிக்காத முகங்கள் இங்கு மட்டும் சுளிக்க வேண்டுவதில்லை. குடிக்குமாறு நான் எவரையும் தூண்டவில்லை. சுவையை ஒப்பிட்டுரைப்பது எங்ஙனம் என்பதே என் பொருள்.

நாட்பட்ட தேறலின் கடுமைக்குச் சங்கப் புலவர் தேளின் கடுப்பையும் பாம்பின் வெகுளியையும் உவமை கூறினர். இரண்டும் வலிமைக்கு உவமைகள், மணத்திற்கு அல்ல. தேறல் புளிக்கவைத்துத் தெளிவித்தது. ரம்மோ கருப்பஞ்சாற்றை அல்லது சர்க்கரை ஆலையில் எஞ்சும் பாகைப் புளிக்கவைத்து வாலையிலிட்டு வடிப்பது. வேறுபாடு இருப்பினும், ரம்மைப் பேசுவோரும் பெரும்பாலும் ஆண்டையும் வலிமையையும் சொல்லி நின்றுவிடுகின்றனர். பீப்பாயிலிருந்து எடுத்து நீர் கலவாமல் புட்டியிலடைக்கும் முதிர்ந்த ரம்களில் இவ்விரண்டு எண்களே நம்மை மிகுதியும் ஏமாற்றுவன.

ஆண்டை முதலில் கொள்வோம். மரப்பீப்பாயில் உள்ளது நாள்தோறும் ஆவியாகிக் குறையும். கரீபியத் தீவுகளின் வெம்மையில் ஆண்டுக்கு 6 விழுக்காடோ அதற்கு மேலோ குறையும். ஸ்காட்லாந்தின் குளிரில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 12 ஆண்டு கழிந்தபின் அங்கே 95 லிட்டராகச் சுருங்கும். இங்கே 157 லிட்டர் எஞ்சும். இரண்டிலும் '12 ஆண்டு' என்றே அச்சிடுவர். இளமையிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றி அங்கு முதிரவைத்த ரம்மையும், பிறந்த மண்ணிலேயே முதிர்ந்த ரம்மையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று.

வலிமையும் அவ்வாறே. ஈரக்காற்று மிக்க கிடங்கில் நீரைவிடச் சாராயம் விரைந்து வெளியேறும். வறண்ட கிடங்கில் நீர் முந்திக்கொள்ளும். 60 விழுக்காடு என்ற எண்ணுக்கு வந்துசேர வழிகள் பல.

ஆகவே மூக்கையும் நாவையும் நம்ப வேண்டும். வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிதளவு வார்த்துச் சற்று நேரம் விடுக. மூக்கை உள்ளே புதைத்தால் சாராயம் அதனை மரத்துப்போகச் செய்துவிடும். எட்ட நின்றே முகர்க. பிறகு நீரைத் துளித்துளியாகச் சேர்த்து ஒவ்வொரு நிலையிலும் முகர வேண்டும். 60 விழுக்காட்டு ரம் 30 மி.லி.யுடன் 10 மி.லி. நீர் சேர்ந்தால் 45 விழுக்காட்டளவில் நிற்கும். எரிவு தணிந்த பின்பே ஒப்பீடு தொடங்கும்.

இம்முறையில் மூன்றனை ஒப்பிட்டேன். பார்படாஸ் தீவின் ஃபோர்ஸ்கொயர் வடிசாலை தந்த, 2005ஆம் ஆண்டு வடித்த ரம் 12 ஆண்டு முதிர்ந்தது. வலிமை 59 விழுக்காடு. பானை வாலையிலும் தூண் வாலையிலும் வடித்தவற்றின் கலவை. வறுத்த கொப்பரையும் வெனிலாவும் மணந்தன. அவை அமெரிக்க ஓக் மரத்தின் கொடை. குறை சொல்ல இடமில்லை. இலக்கணம் வழுவாத வெண்பா என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்திற்குப் போகலாம்.

ஜமைக்காவின் ஹாம்ப்டன் அப்படிப்பட்டதன்று. வடித்தபின் எஞ்சும் கழிவையும் குழியில் நொதித்ததையும் ஊறலிற் சேர்க்கும் பழைய முறையினர் அவர்கள். அதனால் பழமணம் தரும் எஸ்டர்கள் பெருகுகின்றன; ஜமைக்கா ரம்களை இந்த எஸ்டர் அளவைக் கொண்டே வகைப்படுத்துவர். 2018இல் வெளியிட்ட 60 விழுக்காட்டு ரம்மை முகர்ந்தபோது, அழுகத் தொடங்கும் அன்னாசி, மிகப் பழுத்த பலாச்சுளை, அதன்மேல் மரத்துக்குப் பூசும் வார்னிஷ்! இதனைப் போற்றுவார் பலர். எனக்கு அது மேடையில் உரத்துப் பாடுபவரை நினைவூட்டியது. நீர் சேர்க்கச் சேர்க்க அழகு கூடியதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது கயானாவின் போர்ட் மௌரான்ட். வாலையே மரத்தால் ஆனது. இன்று டயமண்ட் வடிசாலையில் இயங்குகிறது. சோம்பு, அதிமதுரம், பாட்டி வீட்டுப் பழைய மரப்பெட்டி. மூன்றில் இதுவே மிக்கது என்பது என் துணிபு. தமிழ் மூக்கு அதிமதுரத்தை அறியும். அயலார் நூல்களைப் புரட்டிச் சொல் தேட வேண்டியதில்லை.

அந்த வாலைக்குப் பெயர் தந்த போர்ட் மௌரான்ட் பெர்பிஸ் பகுதியின் கரும்புத் தோட்டம். 1838 முதல் 1917 வரை கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள் பெரும்பாலோர் கல்கத்தாத் துறையில் கப்பலேறியவர். சென்னைத் துறையினர் சிறுபான்மையர். 'மதராசிகள்' என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழிவந்தோர் மாரியம்மன் வழிபாட்டை இன்றும் விடவில்லை. காவல் தெய்வங்கள் சிலவற்றுக்கு அங்கே ரம்மைப் படைக்கின்றனர். மொழி பெரும்பாலும் போயிற்று. கரும்பு வெட்டிய அந்தத் தமிழர் இந்த மணத்தை என்ன சொல்லால் குறித்தனரோ, நமக்கு எட்டவில்லை. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இதனைச் சொல்ல விரும்பியே வந்தேன்.

இன்னும் ஒன்று. கிண்ணங்களைக் கழுவாமல் வைத்து மறுநாட் காலை முகர்ந்து பாருங்கள். ஹாம்ப்டனின் அன்னாசி போய் வார்னிஷ் மட்டும் நின்றது. ஃபோர்ஸ்கொயரில் மெல்லிய கொப்பரை. போர்ட் மௌரான்டில் அதிமதுரம் அப்படியே இருந்தது.