விறகு பிளக்கும் மிஷின் நின்றுபோனால்...

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எதைப் பத்திப் பேசறது?" என்று கேட்டேன். "உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்குப் புதுசா இருக்கும்" என்றார். என் தொழில் சின்னமனூரில் ஹைட்ராலிக் பட்டறை. டிராக்டர் லிஃப்ட், டிப்பர் ஜாக்கி, ஜேசிபி சிலிண்டர் எல்லாம் வரும். இங்கே இயற்பியல் முடித்துவிட்டு, இரண்டு வருஷம் பரீட்சை எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்பாவின் லேத் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டவன் நான். இன்றைக்கு ஒரே ஒரு மிஷினைப் பற்றிச் சொல்கிறேன்: விறகு பிளக்கிற மிஷின். அதில் நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

நம்ம பக்கம் அதற்கு என்ன வேலை என்று நினைக்கலாம். தென்பழனி செக்போஸ்ட் தாண்டி, பூக்களின் பேர் வைத்த பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள். பறித்த இலையை வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, கடைசியில் டிரையரில் சூடான காற்று விட்டு உலர்த்துவார்கள். அந்தச் சூட்டுக்குப் பல தேயிலை ஃபேக்டரிகளில் விறகுதான். மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர்களிலும் விறகு எரிக்கிறார்கள். தைல மரக் கட்டை காய்ந்து நார் முறுக்கிக்கொண்டால் கோடாலிக்கு லேசில் மசியாது. அதற்குத்தான் இந்த மிஷின்.

அமைப்பு சிம்பிள். ஒரு மோட்டார், ஒரு கியர் பம்ப், ஆயில் டேங்க், லீவர் வைத்த வால்வு, ஒரு சிலிண்டர், எதிரே இரும்பு ஆப்பு. நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ அழுத்தம் வந்தால் பதிமூன்றரை டன்னுக்கு மேல் தள்ளும். முதல் வருஷம் ஐந்து மார்க்குக்கு எழுதினோமே, அதே பாஸ்கல் விதிதான். அதை வைத்து ஜோசப் பிரமா என்ற இங்கிலாந்துக்காரர் 1795-லேயே பிரஸ் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

அந்த ஐந்து மார்க்கில் நாம் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். எதிரே கட்டை தடுக்கும்போதுதான் அழுத்தம் ஏறும். முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் பலகை போட்டால் தண்ணீர் மட்டம் ஏறுகிற மாதிரி. மட்டம் ஏறவில்லை என்றால் இரண்டே காரணம்தான். நடுவில் எங்கேயோ கரை உடைந்து தண்ணீர் ஓடுகிறது. இல்லை, தலைமடையிலேயே தண்ணீர் வரவில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். மலைமேல் ஒரு ஃபேக்டரியிலிருந்து போன். மழைக்காலம், இலை வரத்து அதிகம், மிஷின் கட்டையைப் பிளக்கவில்லை, ஆறு பேர் கோடாலி போட்டும் அடுப்புக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. புளிக்க வைத்த இலை காத்துக்கொண்டிருக்காது. நேரம் தப்பினால் டீத்தூள் தரம் போச்சு. ஜீப் பிடித்துப் போனேன்.

காலையில் மிஷினைப் போட்டால் நன்றாக ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் பம்ப் கீச்சென்று அலறுகிறது, ராடு நத்தை மாதிரி நகர்கிறது. ஆயில் சூடாகி இளகிவிட்டது, பம்ப் தேய்ந்திருக்கிறது, தேய்ந்த பல்லுக்கு நடுவே இளகின ஆயில் வழிந்து திரும்புகிறது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். படித்தவன் சொன்னால் கேட்பார்கள் இல்லையா? மேனேஜர் சார் கோயம்புத்தூரிலிருந்து புதுப் பம்ப் வரவழைத்தார். அதற்கு மூன்று நாள். மாட்டினேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. பதினோராவது நிமிஷம் அதே அலறல்.

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபேக்டரியில் பழைய ஃபிட்டர் ஒருவர், எட்டாவது வரை படித்தவர், பீடியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "தம்பி, நிப்பாட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டா மறுபடி ஓடுதே. அஞ்சு நிமிஷத்துல ஆயில் ஆறிருமா?" என்று கேட்டார். நான் டேங்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அப்படியே இருந்தது. "இல்லண்ணே" என்றேன். "அப்ப டேங்கைத் தொறந்து பாத்துருவமா?"

திறந்தோம். உள்ளே ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். யாரோ டேங்கைத் துடைத்தபோது விழுந்தது. பம்ப் உறிஞ்சும்போது அது மெல்ல மெல்ல வந்து சக்ஷன் வலையில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் விலகிவிடும். தலைமடையில் அடைப்பு! நான் கடைமடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பம்ப் காசில் பாதியை நான் கட்டினேன். அந்த ஃபேக்டரி அதன்பிறகு மூன்று வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பிகளே, எனக்குத் தடயம் எல்லாம் கண் முன்னால் இருந்தது. பம்ப் தேய்ந்திருந்தால், கட்டை இல்லாமல் சும்மா ஓடும்போது ராடு கிட்டத்தட்ட பழைய வேகத்திலேயே போகும். பாரம் ஏறினால்தான் ஆயில் பின்னால் வழியும். இங்கே சும்மா ஓடும்போதே மெதுவாகப் போனது. உறிஞ்சுகிற பக்கம் அடைப்பு என்றால்தான் அப்படி. டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தமும் வரும். ஆயில் மோர் மாதிரி நுரைத்திருந்தால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. ஆயில் மட்டம் குறைந்திருக்கலாம், சக்ஷன் குழாய்க் கிளிப் தளர்ந்திருக்கலாம். நுரை இல்லாமல் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்க ஸ்பானர்கூட வேண்டாம்.

சும்மா ஓடும்போது வேகம் இருக்கிறது, கட்டையில் முட்டினால் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். முள் ஏறவில்லையா? மோட்டாருக்குப் பாரமே தெரியவில்லை, கரை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் ரிலீஃப் வால்வு. அதில் ஒரு துளி பிசிறு சிக்கினாலும் ஆயில் நேராக டேங்குக்குப் போய்விடும். அழுத்தமானி மாட்டாமல் அந்த ஸ்குரூவைத் திருகவே கூடாது. திருகித் திருகியே குழாய் வெடித்த மிஷின்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அடுத்து சிலிண்டர் சீல். ராடை முழுசா வெளியே தள்ளி, மோட்டாரை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு, ராடு பக்கத்துக் குழாயைக் கழட்டி அதன் வாயை அடையுங்கள். தள்ளி நின்றுகொண்டு மறுபடி முன்பக்கமே தள்ளுங்கள். திறந்த துவாரத்தில் ஆயில் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போச்சு. வரவில்லையென்றால் சிலிண்டர் நிரபராதி. பம்பைச் சந்தேகப்படுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

சில மிஷின்களில் இரட்டைப் பம்ப் இருக்கும். பெரிய கியர் வேகத்துக்கு, சின்ன கியர் பலத்துக்கு. பாரம் வந்ததும் ஒரு வால்வு பெரிய கியரின் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும். அது சிக்கிக்கொண்டால் கட்டை முட்டினவுடனே மோட்டார் டிரிப் ஆகும். உடனே மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, சிரிப்பான கேஸ். கரண்ட் வேலை நடந்த மறுநாள் மிஷின் அசையவே இல்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் அப்படியே ஓட விட்டால் பம்பின் ஆயில் சீல் பிதுங்கிவிடும். அப்போது சிரிப்பு வராது.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கீழே ஒரு விறகுக் கடையில் இருபது வயசுப் பையன் ஒருவன். குழாயில் எங்கேயோ லேசாகப் பனி மாதிரி ஆயில் தெறிக்கிறது என்று ஓடும்போதே உள்ளங்கையால் தடவிப் பார்த்திருக்கிறான். முள் குத்தின மாதிரி சுருக்கென்றதாம். ரத்தம்கூட இல்லை. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். ராத்திரி கை வீங்கியது. காலையில் வலிக்கு மாத்திரை போட்டான். மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ அழுத்தம் இருந்தாலே போதும் என்பார்கள். நம்ம மிஷினில் இருப்பது 175. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சதை அழுகும். கசிவைத் தேட ஒரு அட்டையை நீட்டுங்கள், அதில் கறை படும். கையில் பட்டுவிட்டால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நிமிஷமே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரி. "அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருச்சு" என்ற வார்த்தையை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவரும் முள் குத்து என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

அந்தப் பையன் இப்போது என் பட்டறையில்தான் இருக்கிறான். ஒன்பது விரலோடு லேத் ஓட்டுகிறான்.

அன்றைக்குக் கழட்டிய பழைய பம்பை மேனேஜர் சார் எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். பல் எல்லாம் பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. இதோ, மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஸ்பானரும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ள மாணவர்கள் வந்து கழட்டி மாட்டிப் பார்க்கலாம். சட்டையில் ஆயில் பட்டால் நான் பொறுப்பில்லை.