தொட்டாலே கொப்புளிக்கும் தோலுக்கு என்ன தடவலாம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "பேத்திக்கு எது உரசினாலும் கொப்புளம் வருது. நல்ல க்ரீம் வாங்க உள்கடன் கிடைக்குமா?" என்று கேட்டாங்க. கடனைக் குழு தீர்மானிக்கட்டும். எதை வாங்குவது என்பதைப் பேசத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

பிறந்ததிலிருந்தே இப்படி இருந்தால் அது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற நோயாக இருக்கலாம். பேர் வாயில் நுழையாது, ஈ.பி. என்று வைத்துக்கொள்வோம். மேல்தோலையும் அடித்தோலையும் பிடித்து வைக்கும் புரதத்தில் பரம்பரைக் குறை. லேசாக உரசினாலே தோல் விலகி நீர் கோத்துக்கொள்ளும். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அந்தப் பிள்ளையைப் பால்வாடிக்கு வராதே என்று யாராவது சொன்னால், குழுவே போய்ப் பேசணும்.

சரி, க்ரீம். விலை அதிகமானதுதான் நல்லது என்று நினைக்காதீங்க. வாசனை சேர்க்காத வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே பலருக்குப் போதும். லோஷனில் தண்ணீர் அதிகம், கெடாமலிருக்க ரசாயனம் சேர்ப்பார்கள், புண்ணில் பட்டால் எரியலாம். அட்டையில் 'ஹெர்பல்', 'பேபி' என்று போட்டிருந்தாலும் வாசனை இருந்தால் வேண்டாம். பித்தவெடிப்பு க்ரீம்களில் யூரியா, சாலிசிலிக் ஆசிட் இருக்கும், கிட்டவே கொண்டுபோகாதீங்க. மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவதும் கூடாது. பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம். அது காய்ந்து ஒட்டிக்கொண்டால், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துடும்.

எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்படித் தடவுகிறோம் என்பதுதான் பெரிசு. தேய்க்கவே கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுத்து, உள்ளங்கையில் இளக்கி, ஒற்றி ஒற்றி வைக்கணும். ஒட்டுகிற பிளாஸ்டர் போடக் கூடாது. கொப்புளம் பெரிசானால் இன்னும் பரவும். நர்ஸ் காட்டிக் கொடுத்தபடி சுத்தமான ஊசியால் நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விடணும். அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி.

வெயில் காலத்தில் வியர்த்தாலும் சிலருக்குக் கொப்புளம் கூடும். ஜெல்லி புழுக்கமாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு வாசனையில்லாத லேசான க்ரீமுக்கு மாறலாம்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. இந்தக் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். 2018-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. துவைத்தாலும் முழுசாகப் போகாது. களிம்பு பட்ட பாவாடை, போர்வையோடு பிள்ளையை அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி பக்கம் விடாதீங்க.

பேத்தியை இன்னும் தோல் மருத்துவரிடம் காட்டவில்லை என்றார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அடுத்த வாரம் நாங்களும் கூட வருகிறோம்.