விளக்கில்லா ஊர்களும் தீபங்குடியும்

 

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என ஐந்து ஆறுகள் சூழ்ந்தமையால் ஐயாறு எனப் பெயர் பெற்ற திருவையாற்றுப் பகுதியில், ஓர் ஊர் அழிந்துபோயிற்று என்று சொன்னால் கேட்பவர் எளிதில் நம்பமாட்டார். வறண்ட நிலத்தில் ஊர் அழிந்தால் இடிந்த சுவரேனும் நிற்கும்; வழிப்போக்கர் பார்த்து வருந்துவர். கழனி நாட்டில் அதற்கும் இடமில்லை. ஆளில்லாத மண்சுவர் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும். மனைக்கட்டு மேட்டை வெட்டித் தாழ்த்தி வாய்க்கால் நீரைத் திருப்பினால், அடுத்த போகத்தில் அங்கே நாற்று பச்சைகட்டி நிற்கும். தெருவும் திண்ணையும் இருந்த இடத்தில் கதிர் அறுப்பவர்க்குத் தாம் யார் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. காவிரி நாட்டில் ஊர்கள் பசுமையினுள் மறைகின்றன. அதனாலேயே அவற்றுக்காக இரங்குவார் இல்லை.

வருவாய்த்துறையின் பழைய வழக்கில், குடியில்லாத ஊரைப் 'பேச்சிராக்' கிராமம் என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல். 'பே' என்பது இன்மை. 'சிராக்' என்பது விளக்கு. மாலையில் விளக்கேற்ற ஓர் ஆளும் இல்லாத ஊர் என்பது பொருள். எல்லைக்கல் இருக்கும், புல எண் இருக்கும், தீர்வை இருக்கும், பதிவேட்டில் பெயரும் இருக்கும். விளக்கு மட்டும் இராது. கணக்கெழுதும் அலுவலகத்தில் பிறந்த சொல்லுக்குள் இத்தனை துயரம் அடங்கியிருப்பது வியப்புத்தான்.

சோழநாட்டுச் சமணப் பள்ளிகளின் கதை பெரும்பாலும் இந்தப் பேச்சிராக் கதையே. கும்பகோணத்தை அடுத்த மருத்துவக்குடியில் ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள சோழர்காலக் கல்வெட்டு ஒன்று, சனநாதபுரம் என்னும் ஊரில் இருந்த இரண்டு சமணப் பள்ளிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒன்று சேதிகுலமாணிக்கப் பெரும்பள்ளி. மற்றொன்று கங்கருளசுந்தரப் பெரும்பள்ளி. சனநாதன் என்பது முதலாம் இராசராசனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. அரசன் பெயரைத் தாங்கிய ஊரில், 'பெரும்பள்ளி' என்று அழைக்கத்தக்க பெருமையுடன் இரண்டு பள்ளிகள் இருந்தன. அறவுரை கேட்க வந்த சிராவகர்கள் இருந்திருப்பர். ஆகாரதானம் அளித்த அன்னையர் இருந்திருப்பர். இன்று அப்பள்ளிகள் இல்லை. அவை இருந்தன என்று சொல்வது ஒரு சிவன் கோயிலின் கல்.

இது தனி நிகழ்ச்சியன்று. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் இராசராசன் காலத்தில் இராசராசபுரம் எனப்பட்டது. அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியார் அங்கே சிவனுக்கு ஒன்றும், திருமாலுக்கு ஒன்றும், அருகனுக்கு ஒன்றுமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தார். முதல் இரண்டும் நிற்கின்றன. குந்தவை சினாலயம் மறைந்தது. அதன் பெயரைக் காப்பது அவ்வூர்க் கல்வெட்டே. பிறர் கோயிற் கல்லில் தம் முன்னோர் பெயரைத் தேட வேண்டியிருப்பது சமணர்க்கு வருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அக்கல்லை இத்தனை நூற்றாண்டு காத்தவர்க்கு நன்றி சொல்வதே முறை.

மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' என்னும் நூலில், மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராகச் சமணச் சான்றுகளைத் தொகுத்தார். தமிழ்ச் சமணர் வீடுதோறும் இருக்க வேண்டிய பட்டியல் அது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அந்நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பள்ளி' என்று முடியும் ஊரெல்லாம் சமண ஊர் என்று ஆர்வலர் சிலர் கூறத் தொடங்கியுள்ளனர். அது பிழை. பள்ளி என்ற சொல் பல பொருள் உடையது. பல சமயத்தார்க்கும் உரியது. 'பள்ளிச்சந்தம்' என்று கல்வெட்டில் நிலம் குறிக்கப்பட்டிருந்தால் அது பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம் என்று ஆராயத் தொடங்கலாம். வெறும் ஊர்ப்பெயரை வைத்து உரிமை கொண்டாடுவது, உள்ள சான்றின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

திருக்கண்டியூருக்கு மேற்கே, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் செந்தலை என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ச் சிவன் கோயிலில் எட்டாம் நூற்றாண்டுத் தூண்கள் நிற்கின்றன. அவை அக்கோயிலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அண்மையிலுள்ள நியமம் என்னும் ஊரில் பெரும்பிடுகு முத்தரையன் சுவரன் மாறன் எடுப்பித்த பிடாரி கோயிலுக்கு உரியவை. அக்கோயில் இன்று இல்லை. தூண்கள் மட்டும் ஊர்விட்டு ஊர் வந்து, வேறு கூரையைத் தாங்கி நிற்கின்றன. அவற்றில் அவ்வரசனின் மூன்று தலைமுறைப் பெயர்களும், அவன் வென்ற களங்களும், அவனைப் பாடிய புலவர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பாச்சில் வேள் நம்பன், ஆசாரியர் அநிருத்தர், கோட்டாற்று இளம்பெருமானார், குவாவன் காஞ்சன் என்னும் அப்பெயர்கள் அந்தக் கல் இடம் மாறாமல் மண்ணில் புதைந்திருந்தால் எவர்க்கும் தெரிந்திரா. சமண முனிவர் அருளியதாகப் போற்றப்படும் நாலடியாரில் இரண்டு இடங்களில் பெருமுத்தரையர் குறிக்கப்படுவதால், இத்தூண்களுக்குத் தமிழ்ச் சமணர் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. திருவையாற்றுக்கு வருவோர் ஏழூர்த் திருவிழாவையும் தியாகராசர் ஆராதனையையும் அறிவர். செந்தலைத் தூண்களைக் காணச் செல்வோர் மிகச் சிலரே.

பழங்காலத்தில் மட்டும் ஊர்கள் மறைந்தன என்று எண்ணுதல் வேண்டா. டெல்டாவின் ஒவ்வொரு பிடி சோற்றிலும் ஒரு மறைந்த ஊரின் பங்கு உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துள் நாயம்பாடி முதலான ஊர்கள் மூழ்கின. 120 அடி உயரத்துக்கு நீர் நிற்கும்போது அங்கே ஒன்றும் தெரியாது. நீர் சுமார் 80 அடிக்குக் கீழ் இறங்கினால் பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரம் தலைகாட்டும்; மேலும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளிப்படும். குடிபெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அப்போது பரிசலேறிச் சென்று பார்த்து வருவர். நந்தி தெரிகிறது என்ற செய்தியைத் தஞ்சை உழவர் அச்சத்தோடு படிப்பர். குறுவைக்கு நீர் வாராது என்பது அதன் பொருள். ஒரு சாரார் தம் ஊரைக் காணும் ஆண்டு, மற்றொரு சாரார்க்கு வறட்சி ஆண்டு. சூன் 12ஆம் நாள் மதகு திறக்குமா என்று காத்திருக்கும் கழனி நாட்டார், அம்மதகுக்குப் பின்னால் நிற்கும் நீரின் அடியில் எவர் வீடு இருந்தது என்று கேட்டதுண்டா?

ஊர் போனாலும் நினைவு நிற்கும் வழி ஒன்று உண்டு. அதற்குச் சான்று கும்பகோணத்திலேயே உள்ளது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதியும் கோவையும் தலபுராணமும் அடுக்கடுக்காகக் கற்றவர். ஆயினும் சிந்தாமணியை அறியார். ஏட்டைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபின் சமண சமயச் சொற்கள் அவர்க்கு விளங்கவில்லை. விளக்கம் தேடி அவ்வூர்ச் சமணராகிய சந்திரநாத செட்டியார் வீட்டுக்குச் சென்றபோது, வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. விசேடம் என்னவென்று கேட்டார். ஆறு மாதமாக நடந்துவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவுறுகிறது என்றார்கள்.

அந்தத் தோரணத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். புலமை மிக்க ஓர் ஆசிரியர் பெயரளவிலும் நன்கறியாத காப்பியத்தை, கும்பகோணத்தில் ஒரு குடும்பத்தார் வீட்டு விழாவாக ஓதி வந்தனர். பட்டம் பெறுவதற்காகவோ அச்சிட்டுப் புகழ் பெறுவதற்காகவோ அவர்கள் ஓதவில்லை. முன்னோர் ஓதினர், ஆதலால் ஓதினர். கேட்டவர்க்கு மறைக்காமல் சொல்லவும் செய்தனர். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஐயரின் உழைப்புக்கு நிகர் இல்லை. அவ்வுழைப்புக்கு வெளிச்சம் காட்டிய வீட்டு விளக்கைத் தமிழுலகம் போதிய அளவு நினைப்பதில்லை. சிவன் கோயிற் கல் சமணப் பள்ளியின் பெயரைக் காத்தது. சமணர் வீட்டு நினைவு, ஒரு சைவப் புலவர் கையால் தமிழ்க் காப்பியத்தை மீட்டது. கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நேராகவே இருக்கிறது.

இனித் தீபங்குடி. குடவாசல் வட்டத்தில் உள்ள அவ்வூரில் ஆதிநாதர் தீபநாயகர் என்னும் பெயரோடு எழுந்தருளியுள்ளார். கலிங்கத்துப் பரணி பாடிய செயங்கொண்டார் பிறந்த ஊர் அது என்பது வழிவழிச் செய்தி. கும்பகோணத்துச் சந்திரப்பிரபர் கோயில், மன்னார்குடி மல்லிநாதர் கோயில், தஞ்சைக் கரந்தை ஆதிநாதர் கோயில் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணினால், காவிரிக் கரையில் தமிழ்ச் சமணம் இன்றும் மூச்சு விடுகிறது என்பது விளங்கும். (திருப்பணமூரை அடுத்த கரந்தை வேறு, தஞ்சைக் கரந்தை வேறு. திருமணப் பேச்சில்கூட இக்குழப்பம் நேர்வதுண்டு.) வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சிப் பகுதிகளில் ஊர் ஊராகச் சமணர் வாழ்கின்றனர், மேல்சித்தாமூர் மடம் அங்கே அருகில் இருக்கிறது. டெல்டாவில் அந்த நெருக்கம் இல்லை. இங்கே ஒரு குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தால் ஒரு தெருவின் கதையே பெயர்ந்துவிடும்.

பெயர்ந்ததற்குக் காரணங்கள் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானவையே. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு வந்தது. 1970இல் அவ்வரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. நிலத்தை நம்பியிருந்தவர் படிப்பை நம்பத் தொடங்கினர். அச்சட்டங்களால் நலம் பெற்றோர் பலர். அதை மறுப்பது அறமாகாது. இங்கே சொல்ல வேண்டியது வேறு. நிலம் விற்றுச் சென்ற குடும்பத்தார்க்கு ஊரின் நினைவு பாதிதான் இருக்கும். மறுபாதி, அந்நிலத்தில் நாற்று நட்டவர், மடை திறந்தவர், நெல் அளந்தவர் குடும்பங்களிடம் இருக்கிறது. அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. எந்தக் கட்டளைக்கு என்ன பெயர், எந்தக் குளத்தின் கரையில் எந்தப் படிமம் கிடந்தது, பழைய தெரு எதுவரை ஓடியது என்பதை அவர்களைக் கேட்டே அறிய வேண்டும். மிராசு வீட்டு நினைவை மட்டும் எழுதி அதற்கு ஊர் வரலாறு என்று பெயரிட்டால் அது அரை வரலாறு. கூசாமல் சென்று, திண்ணையில் உடன் அமர்ந்து, அவர்களைக் கேட்பதே கடினமான பகுதி. கட்டுரை எழுதுவது எளிது.

தொடங்குவதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. எண்பது கடந்த ஒருவரிடம் 'உங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், அவர் புத்தகத்தில் படித்ததைச் சொல்லுவார். 'மணமாகி வந்த அன்று வண்டி எந்த வழியாக வந்தது? நோன்பு முடித்த அன்று பாரணைக்கு என்ன சமைத்தார்கள்? சூரியன் மறையுமுன் உண்பதற்காக அறுவடை நாளில் என்ன ஏற்பாடு?' என்று கேட்டால் ஊர் எழுந்து வரும். பெண்டிரை முதலில் கேட்பது நலம். ஆடவர் சர்வே எண் சொல்லுவர். பெண்டிர் எந்த வீட்டில் எந்த ஆண்டு பிள்ளை பிறந்தது என்பதைக்கொண்டு காலத்தையே நிறுவிவிடுவர்.

பரணில் கிடக்கும் ஏடு, பாகப்பிரிவினைப் பத்திரம், நெல் அளந்த கணக்குச் சுவடி, திருமண அழைப்பிதழ், கோயில் திருப்பணி இரசீது ஆகிய எதையும் பழைய தாள்காரர்க்குப் போடலாகாது. ஓலைச்சுவடிக்குத் தஞ்சை சரசுவதி மகால் நூலகமும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ளன. அச்சு நூல், சிறு வெளியீடு ஆகியவற்றுக்குச் சென்னை ரோசா முத்தையா நூலகம் உண்டு. 1911இல் நிறுவிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. மூலத்தைத் தர மனமில்லாதவர் ஒளிப்படம் எடுத்தேனும் தரலாம்.

குடும்பப் புகைப்படங்களைப் பற்றி ஒரு சொல். எல்லார் வீட்டிலும், இடமிருந்து நான்காவதாக நிற்பவர் யார் என்று தெரியாத ஒரு படம் இருக்கிறது. தெரிந்தவர் இருக்கும்போதே, படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைக்க வேண்டும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுவது நல்லது. பேனா மை ஊறி முகத்தில் இறங்கிவிடும்.