வயலில் இரும்பு நஞ்சாவது எவ்வாறு?



களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் தாழ்ந்த வயல்களிலே, நெல்லின் கீழ் இலைகளிற் சிறு கபிலநிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அவை நுனியிலிருந்து பரவ, இலை வெண்கல நிறமாகிக் காய்ந்துவிடும். இதனைப் பூச்சியென்றோ பங்கசு நோயென்றோ எண்ணி மருந்து தெளிப்போருண்டு. அப்பணம் வீணே. மண்ணிற் கரைந்த இரும்பே இதற்குக் காரணம் என 1955 ஆம் ஆண்டில் இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெருமவும் அவருடன் ஆராய்ந்தோரும் எடுத்துக்காட்டினர்.

காய்ந்த நிலத்தில் இரும்பு துருவைப் போன்று, நீரிற் கரையாது கிடக்கின்றது. அதனாற் பயிருக்குத் தீங்கில்லை. வயலில் நீர் கட்டியதும் மண்ணினுட் காற்றுப் புகுவது தடைப்படும். எஞ்சிய ஒட்சிசனும் ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடும். ஆயினும் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் யாவும் மடிவதில்லை. அவற்றுட் சில, உக்கும் வைக்கோலையும் வேரையும் உணவாகக் கொண்டு, நாம் ஒட்சிசனாற் சுவாசிப்பது போல, அத்துருவைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது உணவிலிருந்து வெளியேறும் இலத்திரன்களை இரும்பு ஏற்றுக்கொள்கின்றது. இதனையே தாழ்த்தல் என்பர். தாழ்த்தப்பட்ட இரும்பு நீரிற் கரைந்து, வேர்வழியே இலைக்கு ஏறுகின்றது.

வாய்க்காலில் எண்ணெய் போன்ற படலம் தெரிந்தால், குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயாயின் மீண்டும் கூடும். இரும்புப் படலமாயின் துண்டு துண்டாக உடையும்.

இப்பற்றீரியாக்களைப் பகையெனக் கொள்ளவேண்டாம். இரும்புடன் பிணைந்த பொசுபரசை நெல்லுக்கு விடுவிப்பதும், மண்ணின் புளிப்பைத் தணிப்பதும் அவற்றின் தொழிலே. நெல் அறுத்தபின் நீரை வடித்து மரக்கறி நடும்போது, இரும்பு மீண்டும் துருவாகிப் பொசுபரசைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால், மண்ணைப் பரிசோதித்து மரக்கறிக்குப் பொசுபரசுப் பசளை இடுங்கள்.

நெல் வயலிற் செய்யவேண்டியவை இவை. மேட்டிலிருந்து கசியும் இரும்பு நீர் வயலிற் புகாதபடி, மேட்டின் அடியில் வடிகால் வெட்டுங்கள். புதிய வைக்கோலை நடுகைக்குச் சற்று முன்னர் மடக்கி உழாதீர்கள். அது பற்றீரியாக்களுக்கு விருந்தாகும். நன்கு உக்கச் செய்தே இடுங்கள். புள்ளிகளைக் கண்டதும் நீரை வடித்து, சில நாட்கள் மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுத்து, பின்னர் நல்ல நீர் பாய்ச்சுங்கள். பொற்றாசியப் பசளையைக் குறைக்காதீர்கள். வலுவுள்ள வேர் இரும்பைத் தன் மேற்புறத்திலேயே துருவாக்கித் தடுத்துவிடும். பொம்புவல ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, இரும்பைத் தாங்கும் நெல்லினங்களும் உள்ளன. உங்கள் வயலுக்கேற்ற இனத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தேடுங்கள். வெண்கல நிறம் கண்டவுடன் தெளிகருவியை எடுக்கவேண்டாம். மண்வெட்டியை எடுத்து வடிகாலைத் திறவுங்கள்.