எலும்பின் வழியே கேட்டல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் காதுக் கோளாற்றைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் காலனியிலே செவிக்கருவியை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்போர் நால்வரை அறிவோம், ஐந்தாமவர் நாமே.

இளமை முதல் நமக்கு இரு செவிகளிலும் சீழ் வடியும். கருவியின் அச்சைச் செருகினால் துளை அடைபட்டுப் பத்தே நாளில் மீண்டும் சீழ். கழற்றினாலோ கேள்வி இல்லை. சென்ற ஆண்டு, முன்பதிவில்லாச் சீட்டுக் கவுண்டரில் ஒரு மூதாட்டி சொன்ன ஊரைத் தவறாகக் கேட்டு, வேறு ஊருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டோம். வண்டி புறப்படுமுன் அவ்வம்மையார் திரும்பி வந்ததால் பிழைத்தோம்.

பின்னர் டாக்டரிடம் சென்றோம். அவர் இசைக்கவையைத் தட்டிக் காதின் முன் பிடித்தார், மங்கலாகக் கேட்டது. அதன் அடியைக் காதின் பின்னுள்ள எலும்பில் ஊன்றினார்; கணீரென்று ஒலித்தது! உட்செவி நலமே, வழிதான் பழுது என்றார். ஒலியானது செவிப்பறையையும் மூன்று சிற்றெலும்புகளையும் கடந்து, நத்தை ஓடு போன்ற உட்செவியை அடைவது ஒரு வழி. மண்டை எலும்பின் அதிர்வாக நேரே அவ்விடம் சேர்வது மற்றொன்று. முறுக்கைக் கடிக்கையில் நம் தலைக்குள் எழும் பேரொலி பெரிதும் இவ்வழியே வருவது.

டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிப் பிணைவதைச் சுவீடன் நாட்டுப் பிரானமார்க் 1950-களில் கண்டார். முதலில் செயற்கைப் பல் பதிக்கவே அது பயன்பட்டது. 1977-இல் கோத்தன்பர்க் நகரில் ஷெல்ஸ்த்ரோம் முதலிய மருத்துவர்கள் காதின் பின் எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதில் அதிரும் கருவியைப் பொருத்தினர். காதுத்துளை திறந்தே இருக்கும். தோலுக்கு வெளியே நீட்டும் திருகைச் சுற்றிச் சுத்தம் பேணாவிடில் புண்ணாகும். தோலுக்குள் காந்தம் பதிக்கும் வகையும் உண்டு, ஆனால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் அதைத் தவறாமல் தெரிவித்தல் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு எலும்பு மெல்லியதாதலால், ஐந்து வயது வரை பெரும்பாலும் தலைப்பட்டையில் கோத்தே அணிவிப்பர்.

முதுமையால் உட்செவியே தேய்ந்த நம் தந்தையாருக்கு இஃது ஏற்றதன்று. அவருக்குச் சாதாரணக் கருவியே போதும். இதைக் கேட்டு அவர் சற்று வருந்தினார்.

நாமும் தலைப்பட்டையை அணிந்து பார்த்தோம். அறையின் மூலையில் நம் இல்லாள் டாக்டரிடம் நம்மைப் பற்றித் தாழ்குரலில் கூறிய குறைகள் அனைத்தும் கேட்டன! செலவு பெரிது, அனுமதி கோரி விண்ணப்பித்துள்ளோம். அதுவரை கவுண்டரில் ஊர்ப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.