மலைக்குள் ஆய்வகம், ஊருக்குள் தீர்மானம்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில், போடி மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது பொட்டிப்புரம் ஊராட்சி. 2015 ஜனவரி 5 அன்று மத்திய அமைச்சரவை, ஊர்க்காரர்கள் அம்பரப்பர் மலை என்று கும்பிடும் மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கச் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சரியாக மூன்றே வாரம். ஜனவரி 26 கிராம சபையில் ஊர் கூடியது. திட்டம் வேண்டாமென்று தீர்மானம் போட்டது.

திட்டம் லேசுப்பட்டதல்ல. மலையைக் குடைந்து 2 கிலோமீட்டர் போல ஒரு சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி, அதைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. முதலில் நீலகிரியில் சிங்காராவைத்தான் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் அது கைவிட்டுப் போனது. அடுத்து வந்ததுதான் தேனி.

விஞ்ஞானிகள் ஊருக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. வந்தார்கள், விளக்கக் கூட்டம் போட்டார்கள். நியூட்ரினோ என்னும் நுண்துகள் நம் உடம்புக்குள் ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் புகுந்து போகிறது, ஒன்றும் செய்யாது என்றார்கள். அது உண்மைதான். கதிர்வீச்சு பற்றிக் கிளம்பிய பயத்தில் பெரும்பங்கு ஆதாரமில்லாதது. ஆனால் ஊர் கேட்டது அதை மட்டுமா? வெடி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் என்னாகும், மலைமாடு மேயப் போகும் பாதை திறந்திருக்குமா, பாறைத்தூசி எங்கே போய்ப் படியும்? இயற்பியல் வகுப்பில் இதற்கெல்லாம் விடை கிடைக்காது.

விடை எழுதி வாங்கச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு, நேயர்களே. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்கிறது. 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழில் கையில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். பேசியது அத்தனையும் வீடியோவில் பதிவாக வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியிலேயே அங்கே வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மூதாட்டி ஆட்டுப் பாதையைப் பற்றிக் கேட்டால், அந்தக் கேள்வி கோப்பில் ஏறிவிடும். திட்டக்காரர் இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

பொட்டிப்புரத்துக்கு இது வாய்க்கவில்லை. காரணம் ஒரே ஒரு வரிசை எண். மலையைக் குடையும் இந்தத் திட்டத்தை மதிப்பிட்டது அந்த அறிவிக்கையின் 8(அ) பிரிவில். 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டர் வரையுள்ள கட்டடங்கள், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் வரும் பிரிவு அது. அதற்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை! மிச்சமிருந்த ஒரே மேடை கிராம சபை. அதன் தீர்மானத்துக்கோ சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தும் சட்ட வலு கிடையாது.

அதே காலத்தில் ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்தது வேறு. அங்கே பாக்சைட் சுரங்க விவகாரத்தில், வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசே சுரங்கத்தை நிராகரித்தது.

தேனிக்குத் திரும்பினால், ஆய்வக அனுமதியை எதிர்த்து நடந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முதலில் தந்திருந்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது காரணம். 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. தேசிய வனவிலங்கு வாரியம் இசைந்தால்தான் வேலை தொடங்கலாம் என்றது அதே ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பாயத்தின் தீர்ப்பு. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், மதிகெட்டானையும் பெரியாறு காட்டையும் இணைக்கும் புலி வழித்தடத்தைக் காட்டி, அனுமதிக்க இயலாது என்றது.

கிணற்றையும் மேய்ச்சலையும் பற்றி ஊர் கேட்டது; வழக்கை நகர்த்தியது பூங்காவும் புலியும். எதிர்த்தவர்களுக்கு வெற்றிதான், சரி. கருத்துக்கேட்பு நடந்திருந்தால், ஆய்வகத்தை விரும்பியவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் எழுத்தில் ஒரு பதிலாவது கிடைத்திருக்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டது. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள். தேனியின் கம்பம் பள்ளத்தாக்குக்கு அடுத்து எந்தப் பெரிய திட்டம் வந்தாலும், கோப்பு டெல்லி போகும் முன் அந்த ஆறில் ஒரு நாளிலாவது ஊர் முன்னால் விரியட்டும்.