சூசை கேட்ட பெட்டிக்கடை



கிறிஸ்தவர்கள் பல நாடுகளில் சிறையையும் சாவையும் எதிர்கொள்கின்றனர். இந்நாட்டிலும் 2008இல் கந்தமாலில் குருதி சிந்தியது. யான் கூற வந்ததோ, ஓசையின்றி நேரும் துன்பம்.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துவந்தவர் சூசை. ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர். அத்தொழிலாளர்க்கு அரசு இலவசமாய் அளித்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. இந்து அல்லாதார் பட்டியல் சாதியினர் ஆகார் என்ற 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையே காரணம். அதில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்க்கு இடமில்லை. சூசையின் மனுவை 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையாம்!

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றவர் அறிவர். தலித் கிறிஸ்தவரைப் புதைத்த இடத்தைப் பிரிக்க அங்கே ஒரு சுவர் எழுப்பப்பட்டது. இறந்தவர்க்குமா சாதி? இதற்கு அரசு அன்று, திருச்சபையே விடை கூற வேண்டும். இதைச் சொன்னால் நம்மவரிலேயே சிலர் வருந்துவர், வருந்தட்டும்.

2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமோ, பெண்களையும் சிறுவரையும் தாழ்த்தப்பட்டோரையும் மதம் மாற்றுவோர்க்குக் கூடுதல் தண்டனை விதித்தது. தாமே முடிவு செய்யும் அறிவு நமக்கில்லை என எண்ணினர் போலும். அச்சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஆணை மட்டும் நிற்கிறது. மனச்சான்றின் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அளிக்கிறது. அதற்கு விலை கொடுப்பவரோ நம் பிள்ளைகள்.